தங்கச்சி போட்ட ஊசி

என் வீட்டுக்காரருக்கு ஊசி என்றால் பயம். புளியமரத்தின் உச்சாணிக் கிளையில் நின்றுகொண்டு காலாலேயே கிளையை உலுக்குகிற ஆள் அவர். தேனீ கொட்டினால் துடைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போவார். அந்த ஆளை ஓர் ஊசி போட அழைத்துப்போவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிடும். காய்ச்சல் வந்தால் பாப்பாரப்பட்டி ஆஸ்பத்திரிக்கு நல்ல பிள்ளையாக வருவார். டாக்டர் பேனாவை எடுப்பதற்குள், "மாத்திரையே போதுங்க சார், டீச்சரம்மாவுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிடுவார். டீச்சரம்மா நான்தான். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கட்டிய நாளிலிருந்து என்னை அவர் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

எனக்கு முன்கோபம் அதிகம். அதை மறைத்து எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை. இவரும் ஏழாவது படிக்கிற தங்கச்சியும்தான். சமையல், பள்ளிக்கூடம், தோட்டத்து ஆட்களுக்குச் சோறு, இதற்கெல்லாம் மேலே அந்தப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித்தருகிற வேலையும் என்மேல் விழுந்தது. பின்னத்தைப் பார்த்தாலே அவளுக்கு அழுகை வரும். நான் கத்துவேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைத் தேடுவாள். வாசலில் புளி தட்டிக்கொண்டிருக்கும் அண்ணன், "ஏங்க டீச்சரம்மா, ஸ்கூல்ல கத்துனது பத்தலீங்களா, வூட்லயும் கத்தணுமா?" என்று ராகம் போட்டுக் கேட்பார். அவள் குபுக்கென்று சிரித்துவிடுவாள். அதற்கப்புறம் எனக்கும் கோபம் நிற்காது. மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து களியைப் பிட்டுக் கீரையில் தோய்த்துத் தின்போம். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அவள் நர்ஸ் படிப்புக்குப் போனபோது விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு சிரிஞ்சைக் கொண்டுவருவாள். தண்ணீரை நிரப்பிக்கொண்டு மாங்காயில் குத்திப் பழகுவாள். எங்கள் தோட்டத்து மாங்காய், நல்ல நீளமான பெங்களூரா ரகம். இவர் எட்ட நின்று, "இந்தக் காய்க்கு என்னா நோவுன்னு குத்தற?" என்பார். அந்தக் காயைத் தொடவே மாட்டார். "ஊசி போட்டுக்கிட்ட காய நான் திங்க மாட்டேன், போ" என்பார். ஒருநாள் அவள் சிரிஞ்சோடு அவரை வீட்டைச் சுற்றித் துரத்தினாள். ஆறடி ஆள் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றுகொண்டு, "டீச்சரம்மா, உங்க நாத்தனாரப் புடிங்க" என்று கத்தினார். கைப்பிள்ளையாக இருந்த எங்கள் மகள் என் இடுப்பில் இருந்துகொண்டு கைதட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நாத்தனாருக்கு வேலை கிடைத்து, எங்கள் ஊரையும் சேர்த்து நாலைந்து ஊர்களுக்குக் கிராம செவிலியராக வந்தாள். ஊருக்கெல்லாம் நர்ஸம்மா. அவள் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் ராத்திரிச் சாப்பாடு அவளுக்கு எங்கள் வீட்டில்தான். புதன்கிழமை ஆனால் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாள். அன்றைக்குச் சாயங்காலம் வந்தால், எந்தக் குழந்தை அழுதது, எது அழாமல் முறைத்தது, எந்த அம்மா குழந்தையைவிட அதிகமாக அழுதாள் என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுவாள். அவள் கை லேசான கை என்று ஊரே சொல்லும். "எந்தங்கச்சி குத்துனா குத்துனதே தெரியாது" என்று சந்தையில் இவர் பெருமையடித்துக்கொள்வார். "அப்ப நீ ஒண்ணு போட்டுக்க வேண்டியதுதானய்யா" என்று யாராவது மடக்கினால் பேச்சை மாற்றிவிடுவார்.

கொரோனா வந்தது. அடுத்த வருஷம் தடுப்பூசியும் வந்தது. முதலில் மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு என்பதால் அவள் போட்டுக்கொண்டாள். பிறகு நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு என்று எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் முகாம் வைத்தார்கள். புளி உலுக்கல் முடிகிற சமயம் அது. மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு ஈ காக்கை இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் உண்டு. போட்டால் செத்துவிடுவார்கள் என்றும், ஆண்மை போய்விடும் என்றும் ஊரெல்லாம் பேச்சு. அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவள் அழுதுவிட்டாள். "எத்தினி வருசமா இவங்க புள்ளைங்களுக்குப் போட்டுக்கிட்டு வரேன் அண்ணி, இன்னிக்கு என்னயப் பாத்துப் பயப்படறாங்க" என்றாள். இவர் களியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தார்.

அடுத்த முகாம் அன்று காலையில் குளித்து, திருவிழாவுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, "வாங்க டீச்சரம்மா" என்று கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "என்னத்தச் சொல்ல, ஊசி போடத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த வேடிக்கையைப் பார்க்காமல் விட முடியுமா, நானும் கூடவே போனேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த பிடியில் எனக்கு வலி உயிர் போனது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "பாப்பா, சீக்கிரம் குத்திடு" என்றார். "குத்தி முடிச்சாச்சு அண்ணா" என்றாள் அவள். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், "யோவ், நானே போட்டுக்கிட்டன்யா, வாங்கய்யா" என்று கூப்பாடு போட்டார். அவர் ஊசிக்குப் பயந்தவர் என்பது ஊருக்கே தெரியும். அதனாலேயே வெட்கப்பட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அன்றைக்குப் பெட்டி காலியானது. என் நாத்தனார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

நானும் அன்றைக்கே போட்டுக்கொண்டேன். எனக்கு ராத்திரி காய்ச்சல் அடித்து மறுநாள் விட்டுவிட்டது. அவருக்கு அதுவும் இல்லை. "பாத்தீங்களா, ஒடம்பு எப்படி" என்று என்னிடம் பீற்றிக்கொண்டார்.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தலைவலி என்றார். மாங்காய்க் காவலுக்குத் தோட்டத்திலேயே கிடந்த நாட்கள், வெயில் என்று நினைத்தோம். சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போட்டேன். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தார். விடவில்லை. படுத்தால் இன்னும் அதிகமாக வலிக்கிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணு, அதுதான் பிளேட்லெட், குறைந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் தட்டணு குறைந்தால் டெங்குதான். வேறு நோயிலும் குறையும் என்று யாரும் யோசிப்பதில்லை. பரிசோதனைக்கூடத்துக்காரரே பப்பாளி இலையை அரைத்துக் குடிக்கச் சொல்லி அனுப்பினார். சேதி தெரிந்ததும் கொல்லையில் பப்பாளி வைத்திருந்தவர்கள் எல்லாம் இலையோடு வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் பப்பாளிச் சாறு, ஒரு பக்கம் நிலவேம்புக் கஷாயம். "இதுக்கு அந்த ஊசியே தேவலாம் டீச்சரம்மா" என்று முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தார். தட்டணு குறைந்தால் ரத்தம் ஒழுகும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பயம். நாத்தனார் அவர் ஈறைப் பார்த்தாள், தோலில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று முதுகெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டோம். உள்ளே அந்த ரத்தம் உறைந்துகொண்டிருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

ஒருநாள் காலை, எதிரே நின்ற என்னை இரண்டு பேராகத் தெரிகிறது என்றார். "ஒரு டீச்சரம்மாவையே தாங்க முடியல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சொல்லி வாய் மூடுவதற்குள் வாந்தி. வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. காரை வைத்துக்கொண்டு தர்மபுரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையிலிருந்து ரத்தம் வடிகிற குழாயில் கட்டி அடைத்திருக்கிறது என்றார்கள். தட்டணு குறைந்திருக்கும்போது எப்படிக் கட்டும் என்று அவர்களுக்கே குழப்பம். சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் இடமே இல்லை. தாழ்வாரமெல்லாம் மூச்சுக்குத் திணறுகிற கொரோனா நோயாளிகள். அந்தக் கூட்டத்துக்குள்ளும் ஓர் இளவயது டாக்டர் நின்று நிதானமாகக் கேட்டார்: "கடைசியா தடுப்பூசி எப்ப போட்டாருங்க?" நான் சொன்னேன். "எந்தக் கையில? யார் போட்டாங்க?" அவர் வெறுமனே விவரத்துக்காகத்தான் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற நாத்தனார், "நான்தாங்க சார் போட்டேன்" என்றாள். அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ரத்தம் உறைந்தால் வழக்கமாகப் போடுகிற மருந்து, தடுப்பூசிக்கு அப்புறம் அபூர்வமாக வருகிற இந்த நோயில் இன்னும் கெடுத்துவிடக்கூடும் என்று சொல்லி, வேறு மருந்து கொடுத்தார்கள். செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கட்டி பெரிதாகிவிட்டிருந்தது. அவர் கண் விழிக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அதற்குமேல் அதை எழுத எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.

ஊரடங்கு என்பதால் கருமாதிக்கு நெருங்கின சொந்தம் மட்டும்தான். பந்தியில் உட்கார்ந்திருந்த பங்காளி வீட்டுப் பெண்மணி ஒருத்தி பக்கத்து இலைக்காரியிடம், "கூடப் பொறந்தவளே நரம்புல குத்திப்புட்டா, பாவம்" என்றாள். ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். அடுப்படியில் நின்ற நாத்தனார் காதில் அது விழுந்துவிட்டது. நான் புருஷனைப் பறிகொடுத்தவள், அடக்கமாக மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். எழுந்து நேராகப் போய் அந்தப் பெண்மணி எதிரில் நின்றேன். "இன்னொரு தடவ அந்தப் பேச்சு வந்துச்சு, எலைய மடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருங்க. எம்புருசன் செத்ததுக்கு எனக்குத்தான் கோவம் வரணும், உங்களுக்கு என்னா?" என்றேன். அவள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஊர் வாயை அடைத்துவிட்டேன். நாத்தனார் மனசை அடைக்க முடியவில்லை. நீண்ட விடுப்பு எடுத்தாள். திரும்பி வேலைக்குப் போனபோது சிரிஞ்சைத் தொடவில்லை. பக்கத்து வட்டாரத்து நர்ஸோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். புதன்கிழமைகளில் அந்தப் பெண் இங்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போவாள். அதற்குப் பதிலாக அவளுடைய வீடுவீடாகப் போகிற வேலையை இவள் பார்ப்பாள். வெயிலில் அலைவாள், கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள், எடை பார்ப்பாள். ஊசி என்றால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள். அவரோடு சேர்ந்து இவளும் போய்விட்டாள் என்று தோன்றும். எப்படியாவது இவளைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் வந்து போனை என்னிடம் நீட்டினாள். இந்த வகைத் தடுப்பூசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறைவதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று எதையோ படித்திருக்கிறாள். அதில் ஒன்று, சதையில் போகவேண்டிய மருந்து தவறிப்போய் நேராக ரத்தக்குழாய்க்குள் போவது. "அண்ணி, நான் இழுத்துப் பாக்கல" என்றாள். எனக்குப் புரியவில்லை. பழைய காலத்தில் ஊசியைக் குத்தியதும் பிடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருந்தை உள்ளே தள்ளச் சொல்லிக்கொடுப்பார்களாம். இப்போது தருவது ஒரே தடவை பயன்படுகிற சிரிஞ்சு, இழுத்தால் பூட்டிக்கொள்ளும், ஆகவே இழுக்காதே என்றுதான் பயிற்சி. அவள் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்திருக்கிறாள். "அப்புறம் என்னாடி?" என்றேன். "அப்படியும் இழுத்துப் பாத்திருக்கலாம். வேற யாரு, அண்ணன்தான" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த வாரமே அவளை இழுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். அந்த இளவயது டாக்டரைப் பார்த்தோம். எங்களை மறக்கவில்லை அவர். உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஜலதோஷம் தருகிற வைரஸ் ஒன்றைப் பெருக முடியாதபடி செய்து, அதன்மேல் கொரோனாவைப் பற்றிய சேதியை ஏற்றி அனுப்புவதுதான் அந்தத் தடுப்பூசி. லட்சக்கணக்கான பேர் உயிரை அது காப்பாற்றியிருக்கிறது. எங்கோ ஒருவருக்கு மட்டும், நம் தட்டணுவிலிருந்து வருகிற ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பே ஒரு எதிர்ப்பொருளைச் செய்துவிடுகிறது. அது தட்டணுக்களை உசுப்பிவிடுகிறது. உசுப்பின தட்டணு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. "கட்டியிலயே செலவாயிடறதால எண்ணிக்கை கொறையுதுங்க. அதான் ஒரே நேரத்துல ரெண்டும்" என்றார். நாங்கள் பப்பாளிச் சாறு கொடுத்ததைச் சொன்னேன். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று நான் கேட்காமலே சொன்னார்.

அந்த எதிர்ப்பொருளை உடம்பு ஏன் செய்கிறது என்பதற்குத்தான் பல காரணங்கள் சொன்னார். வைரஸின் மேல்கூடு அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் உடம்பு இரண்டையும் எதிரி என்று நினைத்துவிடலாம். மருந்து தயாரிக்கும்போது கலந்துவிட்ட மிச்சம்மீதி ஏதாவது தூண்டியிருக்கலாம். அல்லது, என்று கொஞ்சம் தயங்கினார், மருந்து நேராக ரத்தத்தில் கலந்திருக்கலாம். எலிகளில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள், மனுஷரில் நிரூபணம் இல்லை.

"தோள்ல பெரிய ரத்தக்குழாய் இல்லியே சார்?" என்றாள் நாத்தனார்.

"பெருசு இல்லம்மா. சின்னச் சின்னது உண்டு."

"அப்ப என் கையால வரலன்னு சொல்லுங்க சார்."

அவர் அவளையே பார்த்தார். "வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மிம்மா. இல்லவே இல்லன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்ட் போகிற வழியெல்லாம் அந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தேன். படித்த முட்டாள், எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தெரியாதவன், வாய் நிறைய ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவான் என்று. அவள்தான், "அவரு நல்லவரு அண்ணி. பொய் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவும் மாட்டேன்" என்றாள். அரூர் பஸ்ஸுக்கு நின்ற கூட்டமெல்லாம் என்னையே பார்த்தது. பார்க்கட்டும்.

அப்படியே வருஷங்கள் ஓடின. நாங்கள் ராத்திரியில் சேர்ந்து சாப்பிடுவதை மட்டும் விடவில்லை. பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான் இருக்கும். கரகம் ஆடுகிறேன் என்று பானையை உடைத்தது, என் கல்யாணத்துக்கு வந்த என் தலைமையாசிரியரைச் சமையல்காரர் என்று நினைத்து வெங்காயம் உரிக்க உட்காரவைத்தது, எல்லாவற்றையும் சொல்லிச் சிரிப்போம். சிரிப்பு நின்றதும் அவள் தன் வலது கையைப் பார்ப்பாள். எனக்குத் தெரியும், ஆனால் தெரியாததுபோல ரசத்தை ஊற்றுவேன்.

போன வருஷம் அந்த நர்ஸோடு இவள் செய்துகொண்ட ஏற்பாட்டை மேலிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்று, ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேலையை விடுவதாக முடிவு செய்துவிட்டாள். நானும் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில், "சேலத்து டாக்டரை ஒரே ஒருக்கா பாத்துட்டு வந்துரலாம், அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

டாக்டருக்குக் காதோரம் நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "உங்களத்தாம்மா நெனச்சேன். கூப்பிட நம்பர் இல்ல" என்றார். இத்தனை நாளில் இன்னும் கொஞ்சம் தெளிவாகியிருக்கிறதாம். சாதாரண ஜலதோஷம் தருகிற அதே குடும்பத்து வைரஸ் தானாகத் தொற்றினவர்களிலும் மிகச் சிலருக்கு இதே நோய், இதே எதிர்ப்பொருள் வந்திருக்கிறது. "ஊசியே போட்டுக்காதவங்கம்மா அவங்க. ஊசியும் இல்ல, கையும் இல்ல. அந்த வைரஸுக்குள்ள இருக்கற ஒரு புரதம் நம்ம தட்டணுப் புரதம் மாதிரி கொஞ்சம் இருக்கு. அதை எதிர்க்கப்போன உடம்பு ஆள் மாறி இதைப் பிடிச்சுக்குது. பொறப்புலயே ஒரு அமைப்பு இருக்கறவங்களுக்கு, அதுக்கு மேல தற்செயலா ஒரு சின்ன மாத்தமும் நடந்தாத்தான் அப்படி ஆகுதுன்னு இப்ப சொல்றாங்க."

நாத்தனார் கேட்டாள்: "அப்ப நான் போட்டதால இல்லியா சார்?"

"கை காரணம்னு நெனைக்க இப்ப எனக்கு ஒரு முகாந்திரமும் இல்லம்மா" என்றார்.

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். எனக்கு டாக்டரைக் கும்பிடத் தோன்றியது. கும்பிடப் போன கை பாதியில் நின்றது. பிறப்பிலேயே என்றாரே. பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள் அவருடைய ரத்தம் ஆயிற்றே. அதைக் கேட்கவும் பயம், கேட்காமல் வரவும் பயம். கேட்டுவிட்டேன். அந்த அமைப்பு ஏகப்பட்ட பேருக்கு இருக்கிறது, அவர்களில் கிட்டத்தட்ட யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை, அந்தச் சின்ன மாற்றம் வாரிசாக வருவதில்லை என்று சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டேன். கணக்கு டீச்சருக்கு அது புரியாமலா இருக்கும்? பெற்ற வயிறு கணக்குக் கேட்காதே. பஸ்ஸில் நாத்தனார் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். நாலு வருஷத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. அவள் கை தப்பித்ததற்காகச் சந்தோஷப்படுவதா, என் மகளை நினைத்துப் பயப்படுவதா என்று தெரியாமல், இரண்டையும் செய்துகொண்டு வந்தேன்.

அடுத்த புதன்கிழமை அவள் ஊசி போட்டாள். முதல் குழந்தைக்கு இரண்டு தடவை பஞ்சால் துடைத்தாளாம், இரண்டாவதற்கு ஒரே தடவைதானாம். எந்தக் குழந்தை முறைத்தது என்று ராத்திரி வந்து நடித்தும் காட்டினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மகளுக்கு போன் போட்டு, "உங்க அத்த திரும்பி வந்துட்டாடி" என்று சொன்னேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள். களி கிண்டி, கொள்ளுக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு உருண்டை நன்றாகத்தான் சாப்பிட்டாள். மூன்றாவதைத் தட்டில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அண்ணி, வேற நர்சு யாராவது போட்டிருந்தாலும் அண்ணனுக்கு இப்படித்தான் ஆயிருக்கும், இல்ல?"

"ஆமா. அதத்தான டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"வேற நர்சு வந்து உக்காந்திருந்தா, அண்ணன் போயிருக்குமா?"

நான் எதற்கும் வாய் மூடுகிறவள் இல்லை. கருமாதிப் பந்தியில் பேசினவள், பஸ் ஸ்டாண்டில் கத்தினவள். கரண்டியைக் கீழே வைத்தேன். போயிருப்பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அவரோடு பிறந்தவள், நான் அவரோடு வாழ்ந்தவள். இரண்டு பேருக்கும் தெரிந்த ஆளைப் பற்றிப் பொய் சொல்ல முடியவில்லை.

"போயிருக்க மாட்டாரு" என்றேன். "அந்தத் தெருப்பக்கமே போயிருக்க மாட்டாரு. நீ அழுததாலதான் போனாரு."

அவள் பிசைந்த களியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"அது உங்கையில இல்ல பாப்பா. அது அவரு கொணம். அந்த ஆளத்தான் நான் கட்டிக்கிட்டேன். நீ அழறதப் பாத்துட்டு வூட்ல உக்காந்திருக்கற ஆளா இருந்திருந்தா, அவர எனக்குப் புடிச்சே இருக்காது."

பாப்பா என்று அவரைத் தவிர யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. என் வாயில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. களி ஒட்டின கையோடு அவள் என் மடியில் விழுந்து அழுதாள். கருமாதிக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நானும் கூடவே அழுதேன்.